மனைவிக்கு நுரையீரல் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு நாள், மூச்சுப் பயிற்சி செய்ய மாட்டேங்கா, என்ன செய்யணும்?

பால்வெட்டு_குலசேகரம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் குலசேகரம் பக்கம், ரப்பர் பால் வெட்டுற வேலை. இப்பிடி எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கிடணும். இப்பம் ராத்திரி பதினொண்ணரை, திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரி வராந்தால பேப்பர் விரிச்சு இருந்துட்டு டைப் பண்ணுகேன், பொம்பளைங்க வார்டுல ஒம்பது மணிக்கு மேல ஆம்பளை பைஸ்டாண்டர் (நோயாளிக்குத் துணைக்கு இருக்குற ஆளு) நிக்கப்பிடாது, அதனால ராத்திரி எனக்க கொழுந்தியா உள்ள இருக்கா, நான் வெளிய.

எனக்க வீட்டுக்காரிக்கு வயசு 41. சின்னப் பிள்ளையில நிமோனியா வந்து செரியா பாக்காம விட்டதுல இடது பக்கம் கீழ்ப்பாகம் கெட்டுப் போச்சு, பிராங்கியெக்டாசிஸ்னு சொல்லுகாவ, மூச்சுக்குழல் தொளதொளன்னு விரிஞ்சு அதுல சளி கட்டி நிக்குற நோய். கல்யாணம் முடிஞ்சு வந்த நாள் மொதல் காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரம் இருமுவா, நான் தலையணை வச்சு கவுத்திப் படுக்க வச்சு முதுகுல தட்டிக் குடுப்பேன், எங்க வீட்டுல பல்லு தேய்க்குற மாதிரி அதுவும் ஒரு வேலை. ரெண்டு வருசமா சளியில ரத்தம் வந்துச்சு. போன ஓணம் கழிஞ்சு ஒரு நாள் அரை டம்ளர் ரத்தம் துப்புனா, அப்பம்தான் டாக்டர் இனி மருந்துல நிக்காது, அந்தப் பாகத்த எடுத்துரணும்னாரு.

மொதல்ல சொன்னது சாவித்துவார ஆபரேஷன், மூணு சின்ன ஓட்டை, நாலஞ்சு நாள்ல வீட்டுக்குப் போலாம்னு. நானும் அதையேதான் அவகிட்ட சொன்னேன், ஒண்ணும் இல்லளா கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு. அவளுக்கு ஊசின்னாலே பேடி. தியேட்டருக்குள்ள கொண்டு போயி ஒண்ணரை மணி நேரம் கழிச்சு டாக்டர் வெளிய வந்தாரு, பழைய இன்பெக்சன்ல நுரையீரல் நெஞ்சுக்கூட்டோட ஒட்டிப் பிடிச்சுக் கெடக்கு, ஓட்டை வழியா பிரிச்சா ரத்தத்த கட்டுப்படுத்த முடியாது, தொறந்துதான் செய்யணும், சம்மதமான்னு கேட்டாரு. நான் ஒத்தையில நின்னேன். கை நடுங்கிச்சு, கையெழுத்து போட்டுக் குடுத்தேன். இப்பம் தோள்பட்டை எலும்புக்குக் கீழ தொடங்கி விலாவச் சுத்தி முன்னால வர தையல். ஐசியூல முழிப்பு வந்ததும் கட்டைத் தடவிப் பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல.

இப்பம் வார்டுக்கு மாத்தியாச்சு. நெஞ்சுல ஒரு டியூப் இருக்கு, கீழ தண்ணி பாட்டில், அவ இருமுனா அதுல குமிழி குமிழியா வருகு, ஆறு நாளாகியும் நிக்கல. மூணு பந்து உள்ள பிளாஸ்டிக் மெஷின் ஒண்ணு குடுத்திருக்காவ, மணிக்கு பத்து தடவ இழுக்கணும். அவ ரெண்டு தடவ இழுத்துட்டு வச்சிருகா. அவ தோவாளைக்காரி, மலையாளம் அவ்வளவா பிடிபடாது, இங்க உள்ள நர்சு பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான், ஆனா "ஊதண்டா, வலிக்கு, வலிக்கு"ன்னு சொல்லும்போ இவ "ஆமா வலிக்குதான்"னு அழுகா. ஊதாத, இழுன்னு சொல்லுகாவன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இருந்தும் செய்யமாட்டேங்கா.

நேத்து சாயங்காலம் நான் சத்தம் போட்டுட்டேன். இம்புட்டு கடன் வாங்கி கொண்டாந்து போட்டிருக்கேன், ஒரு பந்தத் தூக்குறதுக்கு உனக்கு மடியான்னு வார்டுல எல்லாரும் கேக்க சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல. கஞ்சி நான் நீட்டுனா வாய மூடிக்கிடுகா, தங்கச்சி குடுத்தா குடிக்கா. பிள்ளையள் ரெண்டும் எனக்க அம்மைகிட்ட நிக்கி, மூத்தவ பிளஸ் டூ.

அந்தக் குமிழி ஆபத்தா? அழுதாலும் வற்புறுத்தி செய்ய வைக்கணுமா, இல்ல அவ போக்குல விடணுமா? இதுல அனுபவம் உள்ளவங்க யாராவது சொல்லுங்க.


மார்த்தாண்டம்_சிஸ்டர்:

தம்பி, நான் ரிட்டயர்டு ஸ்டாப் நர்ஸ், நெஞ்சு ஆபரேஷன் வார்டுல மட்டும் பதினோரு வருசம் நின்னிருக்கேன். நான் சொல்லுறது பொதுவான வார்த்தை, அவள நேர்ல பாக்குற டாக்டர் சொல்லுறதுதான் கணக்கு, அத மொதல்ல மனசுல வச்சுக்கோ.

குமிழி விசயம். நுரையீரல் ஒட்டிக் கெடந்து பிரிச்சிருக்காங்கன்னு சொல்லுற, அப்படி பிரிக்கும்போ நுரையீரலுக்க மேல்தோல் அங்கங்க பிஞ்சிருக்கும், அது வழியா காத்து கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள வரும், அந்தக் காத்த வெளிய கொண்டு வரத்தான் டியூப். குமிழி வருகுன்னா டியூப் அதுக்க வேலையச் செய்யுகுன்னு அர்த்தம். அஞ்சு நாளுக்கு மேல நீண்டா டாக்டர்மார் கொஞ்சம் கூடுதலா கவனிப்பாங்க, ஆனா பெரும்பாலும் தானா அடைஞ்சு போவும், நான் பாத்ததுல ரெண்டு வாரம் டியூபோட இருந்து நல்லா வீட்டுக்குப் போனவங்க நெறைய. நீ பாக்க வேண்டியது வேற. பாட்டில எந்தக் காரணத்துக்கும் அவ நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கப்பிடாது, பாத்ரூமுக்கு நடத்தும்போ முழங்காலுக்குக் கீழ பிடிச்சுக்கோ. சாயாம நேரா நிக்கணும். டியூப் மடங்கி அவ முதுகுக்கு அடியில நெரியாம பாத்துக்கோ. குமிழி வந்துட்டு இருக்கும்போ யாரும் சும்மா கிளிப்பு போட்டு அடைக்கப்பிடாது, காத்து உள்ள கட்டி நுரையீரல அமுக்கிரும். தண்ணி நிறம் செகப்புல இருந்து ரோஸ் ஆகி மஞ்சளா மாறிட்டு வந்தா நல்லது. திடீர்னு பச்சை ரத்தமா நெறைய எறங்கினாலோ, கழுத்து, மொகம் வீங்கி தொட்டா நொறநொறன்னு இருந்தாலோ அந்த நிமிசமே கூப்பிடு.

இனி பந்து. இத நல்லா கேளு. எடது நுரையீரல்ல மேல ஒரு பாகம், கீழ ஒரு பாகம், இப்பம் கீழ்ப்பாகம் போயாச்சு. அந்தக் காலி எடத்த மேல்பாகம்தான் விரிஞ்சு நிரப்பணும். விரிஞ்சு நெஞ்சுக்கூட்டோட போய் ஒட்டுனாத்தான் நீ சொல்லுற அந்தக் குமிழியும் நிக்கும். அவ மேலோட்டமா மூச்சு விட்டுட்டு கெடந்தா சளி அடைச்சு இருக்குற பாகமும் சுருங்கும், நிமோனியா வரும். அதனால விடவும் முடியாது. ஆனா வலியோட வற்புறுத்துனா ஒரு பலனும் இல்ல, விலா எலும்புக்கு எடையில அறுத்து, விரிச்சு வச்சு செய்யுற ஆபரேஷன், ஒடம்புல செய்யுற வெட்டுலயே ரொம்ப வேதனையான வெட்டுல அதுவும் ஒண்ணு, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த எடம் அசையும். காலு ஒடிஞ்சா காலை அசைக்காம வைக்கலாம், மூச்ச என்ன செய்ய முடியும்?

மொதல்ல சிஸ்டர்கிட்ட கேளு, வலி மருந்து எத்தனை மணிக்கு எத்தனை மணிக்குன்னு. அவ சகிச்சுக்கிட்டு கெடப்பா, கேக்க மாட்டா, நம்ம பக்கத்து பொம்பளைங்க அப்படித்தான், பிரசவ வலிய விடவா இதுன்னு வாய மூடிட்டு கெடப்பாங்க. நீ கேளு. பத்துக்கு எவ்வளவு வலின்னு கேட்டு அவ எட்டுன்னு சொன்னா அத டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போ சொல்லு. மாத்திரை குடுத்து அரை மணி, முக்கால் மணி கழிச்சு பயிற்சி. படுத்துட்டு செய்யப்பிடாது, காலத் தொங்கப் போட்டு கட்டில் ஓரத்துல நேரா உக்கார வை. வாய்ல வச்சு பைய இழுக்கணும், பாயாசம் உறிஞ்சுற மாதிரி. பந்து எவ்வளவு வேகமா மேல போவுகுங்குறது பெருசில்ல, மேல போன பந்து எவ்வளவு நேரம் நிக்குகுங்குறதுதான் பெருசு. மூணு பந்துல 600, 900, 1200னு எழுதியிருக்கும், மொத பந்து ரெண்டு மூணு செகண்டு நின்னாலே இப்போதைக்கு போதும். தல சுத்துனா நிறுத்து.

இருமுறதுக்கு, ஒரு துவர்த்த, அதாவது துண்ட மடிச்சோ சின்ன தலையணையோ வெட்டு மேல வச்சு அவளே கட்டிப் பிடிக்கட்டும், நீ பின்னால இருந்து அவ கை மேல உன் கைய வச்சு அமுத்து. வாயத் தொறந்து கண்ணாடியில ஆவி பிடிக்க வைக்குற மாதிரி ஹாஆன்னு ரெண்டு தடவ, அப்புறம் ஒரு இருமல். தையல் பிஞ்சிரும்னு எல்லாரும் பயப்படுவாங்க, பியாது. முதுகுல தட்டிப் பழகுன கைன்னு சொல்லுற, ஆனா இப்பம் நீயா தட்டாத, பிசியோதெரபிஸ்ட் சொன்னா மட்டும்.

நடக்க வைக்கணும், பாட்டிலோட. கட்டிலுக்கு வெளிய வந்த நேரமெல்லாம் நுரையீரலுக்கு லாபம். வலி மருந்துல மலச்சிக்கல் வரும், அதுக்கு முக்குனா வெட்டு வலிக்கும்னு பயந்தே சாப்பிட மாட்டா, அதையும் சிஸ்டர்கிட்ட சொல்லு, மருந்து உண்டு.


நாஞ்சில்_மூலிகை:

ஆடாதொடை இலைய அரைச்சு தேன்ல குடுங்க நண்பரே, சளி எல்லாம் கரைஞ்சு வெளிய வந்துரும், எங்க பாட்டி கை வைத்தியம். கூட ஆட்டு நெஞ்செலும்பு சூப்பும் குடுங்க, நெஞ்சுக்கு பலம்.


மார்த்தாண்டம்_சிஸ்டர்:

நல்ல மனசுல சொல்லுறீங்க தெரியும். ஆடாதொடை சளிக்குக் கேள்விப்படாத மருந்து இல்ல, ஆனா ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம் கூட ஆவல, ஆன்டிபயாட்டிக் போவுகு, ரத்தம் கட்டாம இருக்க ஊசி போட்டாலும் போடுவாங்க, அதுக்கு நடுவுல கஷாயமும் இலைச்சாறும் டாக்டருக்குத் தெரியாம உள்ள போவப்பிடாது. தம்பி, வேண்டாம். சூப்பு குடுக்கலாம், அதுல சத்துன்னு பாத்தா கொஞ்சம்தான், தையல் ஆற புரோட்டீன் வேணும். அவிச்ச முட்டை, மீன், சிறுபயறு போட்ட கஞ்சி. ஒரே நேரத்துல வயிறு முட்டக் குடுக்காத, வயிறு மேல தள்ளுனா மூச்சு முட்டும், கொஞ்சம் கொஞ்சமா ஆறு நேரம் குடு. ஏத்தன்பழம் அவிச்சது அவளுக்குப் பிடிக்கும்னா அதுவும் குடு.


குளச்சல்_வள்ளம்:

தம்பி நான் அந்தக் கட்டில்ல கெடந்தவன். நாலு வருசம் முன்னால நெஞ்சுக்குள்ள சீழ் கட்டி நுரையீரல் மேல தோடு, அதாவது பழத்தோல் மாதிரி படிஞ்சு போச்சு, தொறந்து அந்தத் தோட உரிச்செடுத்தாவ, எனக்கும் உங்க வீட்டுக்காரிக்கு உள்ள அதே வெட்டுதான், அதனால அவளுக்குள்ள என்ன ஓடுகுன்னு எனக்குத் தெரிஞ்சத சொல்லுகேன்.

மொதல்ல, வலின்னு எல்லாரும் சொல்லுறது ஒண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு உண்டு, பயம். கடல்ல நான் ரெண்டு தடவ வள்ளம் கவுந்து தண்ணிக்குள்ள போனவன், அப்பம் கூட இந்தப் பயம் வரல. மூச்ச இழுத்தா பாதியில ஏதோ பிடிச்சு நிறுத்துற மாதிரி இருக்கும், அடுத்த மூச்சு வருமான்னு தோணும். ஆழமா இழுன்னு ஒருத்தர் சொல்லும்போ கெணத்துக்குள்ள எட்டிப் பாருன்னு சொல்லுற மாதிரி இருக்கும். ராத்திரி கண்ண மூட பயமா இருக்கும், தூங்குனா மூச்சு நின்னுருமோன்னு. இது ஒண்ணும் நான் எனக்க பெஞ்சாதிகிட்ட அப்ப சொல்லல, ஆம்பளைங்குற வீராப்பு. அவ ஒரு காரியம் செஞ்சா, மெஷின எங்கிட்ட நீட்டல, பக்கத்துல இருந்து எனக்க கைய பிடிச்சுக்கிட்டு அவளும் எங்கூட மூச்ச இழுத்தா, அஞ்சு எண்ணி விட்டா. நான் அவ மூச்சுக்கு எனக்க மூச்ச சேத்துட்டேன். பத்து தடவன்னு கணக்கு சொல்லல, இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னுதான் சொன்னா.

ரெண்டாவது. நீங்க எழுதுனத நான் ரெண்டு தடவ படிச்சேன் தம்பி. சிஸ்டர் சொன்னது அத்தனையும் செரி, ஆனா உங்க வீட்டுக்காரி பந்தத் தூக்க மாட்டேங்குறது வலியில மட்டும் இல்லன்னு எனக்குத் தோணுகு. கொசுக்கடின்னு சொல்லி உள்ள போனவ, முழிச்சுப் பாத்தா முதுகுல இருந்து மாரு வர அறுத்திருக்கு. யாரும் அவகிட்ட எதுக்குன்னு சொல்லல. நீங்க ஆறு நாளா பக்கத்துல நிக்குறிய, நீங்களும் சொல்லல. அவ மனசுல என்ன ஓடும், இவனுக்கு மொதல்லயே தெரியும், எங்கிட்ட பொய் சொல்லி கொண்டாந்து படுக்க வச்சான், இல்லன்னா இன்னும் பெரிய வியாதி என்னமோ இருக்கு, எல்லாரும் மறைக்கினும்னு. எனக்கு அந்தச் சந்தேகம் வந்துச்சு. புத்துநோயா இருக்கும், எங்கிட்ட சொல்ல மாட்டேங்கினும்னு நான் மூணு நாள் சுவரப் பாத்துக் கெடந்தேன். டாக்டர் சிடி ஸ்கேன் படத்த வெளிச்சத்துல பிடிச்சு இந்தா பாரும் ஓய், இதுதான் சீழ், வேற ஒண்ணும் இல்லன்னு காட்டுன பிறகுதான் எனக்குச் சோறு எறங்குச்சு.

தியேட்டர் வாசல்ல என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க. கை நடுங்குனதயும் சேத்து சொல்லுங்க. இங்க எங்ககிட்ட எழுதுன மாதிரியே.

மூச்சு கொறஞ்ச ஆளாயிருவோம்னு அவளுக்கு பயம் இருந்தா ஒண்ணு சொல்லுங்க. நம்ம போப்பாண்டவர் பிரான்சிசுக்கு 1957ல வலது நுரையீரல்ல ஒரு பாகத்த எடுத்தாவ, அவரு அதோட உலகமெல்லாம் போயிட்டு 2025ல 88 வயசுலதான் காலமானாரு. அவருக்க ஆபரேஷன் விசயம் எங்க பங்குச் சாமியார் அன்னைக்கு எங்கிட்ட கட்டில்ல வந்து சொன்னது. நான் இப்பம் கடலுக்குப் போறேன், வலை இழுக்கும்போ மட்டும் கொஞ்சம் எளைக்கும்.


தக்கலை_டீச்சர்:

குளச்சல் அண்ணன் சொன்னதுக்கு மேல அந்த விஷயத்துல நான் ஒண்ணும் சொல்லல. என் வீட்டுக்காரருக்கு வலது மேல்பாகம் எடுத்து மூணு வருஷம் ஆகுது, அவருக்கு புற்றுநோய் இருந்துச்சு, இப்ப செக்கப் மட்டும்தான். வீட்டுக்கு வந்த பிறகு உள்ள சில காரியங்களும், ஒரு பொம்பளையா உங்க மனைவி உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படக்கூடிய சில காரியங்களும் சொல்றேன் தம்பி, தப்பா நினைக்காதீங்க.

அந்த வெட்டு பாடி போடுற எடத்துலதான் வரும். ரொம்ப நாளைக்கு அவங்களால அத போட முடியாது, போடாம வெளிய ஆள் முன்னால நடக்கவும் கூச்சமா இருக்கும், அதனாலயே வராந்தால நடக்க மாட்டேன்னு சொல்லலாம், நாம சோம்பேறித்தனம்னு நினைப்போம். முன்னால பட்டன் வச்ச லூசான காட்டன் நைட்டி ரெண்டு வாங்குங்க, மேல போட ஒரு துப்பட்டா. இடது கைய தூக்க முடியாது, தலை சீவ முடியாது. ஆறு நாளா தலை சிக்குப் பிடிச்சுக் கிடக்கும், பூவுக்குப் பேர்போன தோவாளைக்காரிக்கு தலையில பூவும் எண்ணெயும் இல்லாம கிடக்குறது எப்படி இருக்கும்னு யோசிங்க. தங்கச்சிய விட்டு தலை சீவி பின்னிவிடச் சொல்லுங்க. ஒரு நாள் நீங்களே கூட சீவி விடலாம். கைய அப்படியே விட்டா தோள் இறுகிடும், பிசியோ சொல்லித் தருவாங்க, சுவத்துல விரல வச்சு எறும்பு ஏறுற மாதிரி மேல மேல கொண்டு போகணும், தினமும்.

மார்புக்குக் கீழ, விலா ஓரமா மரத்துப்போன மாதிரியும் சில நேரம் எரியுற மாதிரியும் இருக்கும், துணி பட்டாலே கூசும், விலாவுக்குக் கீழ ஓடுற நரம்பு ஆபரேஷன்ல நசுங்குறதால வர்றது, மாசக்கணக்குல இருக்கலாம். அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா உள்ள ஏதோ விட்டுட்டாங்கன்னு பயப்படுவாங்க. ரொம்ப எரிஞ்சா அதுக்குன்னு நரம்பு மாத்திரை தனியா உண்டு.

வீடு. விறகு அடுப்பு இருந்தா அவங்கள அது பக்கமே விடாதீங்க, உங்க பக்கம் ரப்பர் ஷீட்டுக்கு புகை போடுற கொட்டகை வீட்டோட ஒட்டி இருக்கும், அத யோசிங்க, ரப்பர் பால் உறைய விடுற ஆசிட் வாசனையும் ஆகாது. தண்ணிக்குடம், தேங்காய் துருவுறது, துணி பிழியுறது, தூக்குறது எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் கிடையாது, எங்களுக்கு ரெண்டு மாசம்னு சொன்னாங்க. மகள் பிளஸ் டூன்னு சொல்றீங்க, வீட்டு வேலை முழுக்க அந்தப் பிள்ளை தலையில விழாம பாத்துக்கோங்க, இத ஒரு டீச்சரா சொல்றேன். இளைய பிள்ளையும் கஞ்சி வடிக்கட்டும்.

பார்க்க வர்றவங்க விஷயம். நம்ம ஊர்ல ஆள் சுகமில்லன்னா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு ஜீப் பிடிச்சு பத்து பேர் வருவாங்க, அன்புதான், ஆனா ஒவ்வொருத்தரும் கதை கேட்டு, ஒவ்வொருத்தருக்கும் அவங்க பதில் சொல்லி மூச்சு வாங்கும், இருமல் உள்ள ஒருத்தர் வந்தா போதும். வாசல்ல நாற்காலி போட்டு நீங்க பேசி அனுப்பிருங்க, கோவிச்சா கோவிக்கட்டும்.

பணம் பத்தி எழுதுனீங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கா? குடும்ப வருட வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா, வி.ஏ.ஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல பதியலாம், வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. இப்ப இருக்கிற ஆஸ்பத்திரி அந்த லிஸ்ட்ல வருதான்னு அங்க கவுண்டர்ல கேளுங்க, வரலன்னாலும் பின்னால ஆசாரிபள்ளம் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல காட்டுறதுக்கு உதவும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்க, உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல டிஸ்சார்ஜ் சம்மரிய காட்டி பேர் குடுத்து வைங்க.

கடைசியா உங்களுக்கு. வராந்தால பேப்பர்ல படுத்து ஆறு ராத்திரி ஆச்சு. நானும் அப்படி இருந்து ஏழாம் நாள் என் மாமியார் மேல எரிஞ்சு விழுந்தேன், இன்னும் மறக்கல. உங்க தம்பியோ அண்ணனோ ஒருத்தர வரச் சொல்லிட்டு ஒரு ராத்திரி வீட்டுக்குப் போய் குளிச்சு, சோறு தின்னு, தூங்கிட்டு வாங்க.


பால்வெட்டு_குலசேகரம்:

நாலு நாள் கழிச்சு எழுதுகேன். எல்லாருக்கும் எப்பிடி சொல்லணும்னு தெரியல.

டீச்சர் சொன்ன மாதிரி எனக்க அண்ணன வரச் சொல்லிட்டு ஒரு ராத்திரி வீட்டுக்குப் போனேன், பிள்ளையளப் பாத்தேன். காலையில வரும்போ வழியில நைட்டி வாங்கி, தோவாளையில இருந்து வார பிச்சிப்பூ ஒரு முழம் மார்த்தாண்டத்துல கெடச்சுது, வார்டுல பூவ உள்ள விடமாட்டாவன்னு பிறகுதான் தெரிஞ்சுது, கொழுந்தியா தலையில வச்சு விட்டுட்டேன். அத அவ பாத்தா. அப்பமும் பேசல.

நான் ஸ்டூல இழுத்துப் போட்டு இருந்தேன். அன்னைக்கு வார்டுல உன்னைய ஏசினது தப்பு, அதுக்கு முன்னால உங்கிட்ட ஒரு காரியம் சொல்லாம விட்டதும் தப்புன்னு தொடங்கினேன். டாக்டர் வெளிய வந்தது, அவரு கையில உற இருந்தது, ஒட்டிப் பிடிச்சிருக்குன்னு சொன்னது, எனக்கு காலு கொழஞ்சது, யாரக் கூப்பிட்டுக் கேக்கன்னு தெரியாம நின்னது, எல்லாம் சொன்னேன். கொசுக்கடின்னு நான் சொன்னது உன்னைய ஏமாத்த இல்ல, எனக்கே பேடியா இருந்துச்சு, அதனால சொன்னேன்னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

பிறகு கேட்டா, "எடுத்தத நீரு பாத்தீரா?"

பாத்தேன். ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு ட்ரேயில வச்சு கொண்டாந்து காட்டுனாவ, அத நான் யாருகிட்டயும் சொல்லல. எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டா. உள்ளங்கை ரெண்டும் சேத்து விரிச்ச அளவு, தேன்கூடு மாதிரி ஓட்ட ஓட்டையா, ஒவ்வொரு ஓட்டையிலயும் சீழு, அதுக்கு நடுவுல கறுத்த ரத்தம், சிரட்டையில ரெண்டு நாள் கெடந்து கெட்டுப்போன பால் மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன். அவ கண்ண மூடிக் கேட்டா. "இம்புட்டு வருசமா நான் இருமுனது அதுதானா"ன்னா. ஆமா அதுதான், வேற ஒண்ணும் இல்ல, டாக்டர்கிட்ட நீயே கேளுன்னேன். மறுநாள் ரவுண்ட்ஸ்ல அவளே கேட்டா, அவரும் கட்டில்ல இருந்து படம் வரைஞ்சு காட்டுனாரு.

அன்னைக்கு வலி மாத்திரை குடுத்து முக்கா மணி நேரம் கழிச்சு நானும் அவளும் சேந்து இழுத்தோம், குளச்சல் அண்ணன் சொன்ன மாதிரி கைய பிடிச்சுக்கிட்டு. மொத நாள் ஒரு பந்து. நேத்து ரெண்டாவது பந்து பாதி வர போச்சு. துவர்த்த வச்சு அமுத்திக்கிட்டு இருமுனா கறுத்த கட்டி ரெண்டு மூணு வந்துச்சு, சிஸ்டர்கிட்ட காட்டுனேன், பழைய ரத்தம்தான் நல்லதுன்னாவ. நேத்து காலையில குமிழி நின்னு போச்சு. இன்னைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு டியூப் எடுத்துட்டாவ, எடுக்கும்போ எனக்க கையில நகம் பதிய பிடிச்சா.

ராத்திரி இன்னமும் தூங்க பயப்படுகா. கோவமும் முழுசா போவல, பாதி பேச்சு தங்கச்சி வழியாதான் வருகு. நாளை கழிஞ்சு டிஸ்சார்ஜ் சொல்லியிருக்காவ. சிஸ்டர் அக்கா, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியா காருல கொண்டு வரணும், ரெண்டு மணி நேரம் ஆவும், வழி குண்டும் குழியும். எப்பிடி கொண்டு வரட்டு?


மார்த்தாண்டம்_சிஸ்டர்:

டியூப் வந்துட்டுன்னு படிச்சதும் எனக்கு கண்ணு நெறைஞ்சு போச்சு தம்பி.

பெறப்படுறதுக்கு முக்கா மணி முன்னால வலி மாத்திரை குடுத்துரு. முன் சீட்டுல இருத்தி சீட்ட கொஞ்சம் பின்னால சாய்ச்சு வை, சீட் பெல்ட் போடணும், பெல்ட்டுக்கும் வெட்டுக்கும் எடையில அந்தச் சின்ன தலையணை. குண்டு வருகுன்னு டிரைவர் முன்னாலயே சொல்லட்டும், அவ தலையணைய அமுத்திக்கிடுவா. நெய்யாற்றின்கரை தாண்டி எங்கயாவது நிறுத்தி எறங்கி பத்து எட்டு நடக்கட்டும், காலத் தொங்கப் போட்டே ரெண்டு மணி நேரம் இருக்கப்பிடாது, காலுல ரத்தம் கட்டும். ஏசி போட்டா நேரா மொகத்துல அடிக்க விடாத. டியூப் இருந்த எடத்துல கட்டு நனைஞ்சு கொஞ்சம் மஞ்சத் தண்ணி வந்தா பயப்படாத, சீழோ நாத்தமோ வந்தா காட்டணும்.

வீட்டுல தெர்மாமீட்டர் ஒண்ணு வச்சுக்கோ. 100.4க்கு மேல காய்ச்சல், எளப்பு முன்ன விட கூடுறது, புதுசா செகப்பு ரத்தம் துப்புறது, ஒரு காலு மட்டும் வீங்கி வலிக்குறது, நெஞ்சு படபடன்னு தாறுமாறா அடிக்குறது, இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கிடலாம்னு இருக்காத, 108க்கு அடி. ராத்திரி தலமாட்டுல ரெண்டு மூணு தலையணை வச்சு சாய்ஞ்ச மாதிரி படுக்க வை, தூக்கம் வரும். வீட்டுல ஆம்பளை பைஸ்டாண்டருக்கு தடை ஒண்ணும் இல்லியே, நீ பக்கத்துலயே படு, முழிக்கும்போ கை எட்டுற தூரத்துல.

அந்த பந்து மெஷின கட்டிலுக்கு அடியில விட்டுட்டு வந்துராத, எல்லாரும் அதத்தான் மறந்துட்டுப் போவாங்க. இன்னும் ஒரு மாசமாவது அது வேணும்.